பங்கேற்கும் பார்வையாளர்: ஊடாட்ட விளம்பரக் குறும்படங்கள்

நுழையும்முன்

பொருளை விற்க விரும்புவோர் கதை சொல்லத் தொடங்கிப் பல்லாண்டுகள் ஆகின்றன. அக்கதையைப் பார்ப்பவரே நடத்திச் செல்லலாம் என்னும் நிலையை இணையம் உருவாக்கியது. பார்வையாளர் ஒரு விசையை அழுத்தினால் காட்சி மாறுகிறது. ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால் கதைமாந்தர் அதற்கேற்ப நடிக்கின்றனர். திரைப்படமும் விளையாட்டும் வணிகமும் ஒன்றுகலந்த இவ்வடிவம் பார்வையாளருக்கு எதை வழங்குகிறது, அவரிடமிருந்து எதைப் பெறுகிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

இடையீட்டிலிருந்து கதைக்கு

விளம்பரம் நெடுங்காலமாக ஓர் இடையீடாகவே இருந்துவந்தது. வானொலியில் பாடல்களுக்கு நடுவிலும், தொலைக்காட்சியில் நாடகக் காட்சிகளுக்கு நடுவிலும், நாளிதழில் செய்திகளுக்கு நடுவிலும் அது இடம்பெற்றது. மக்கள் பாடலையும் நாடகத்தையும் செய்தியையும் நாடி வந்தனர். அவற்றோடு வந்த விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டனர். தொலையியக்கி கைக்கு வந்தபோது அப்பொறுமை குறைந்தது. விளம்பரம் தொடங்கியதும் அலைவரிசையை மாற்றினர். இணையக் காணொளிகளில் விளம்பரத்தைத் தவிர்க்கும் பொத்தான் அமைந்தபின் சில நொடிகள் காத்திருப்பதும் சுமையாயிற்று.

மக்கள் விலகிச் செல்லும் விளம்பரத்தை மக்கள் தேடி வரும் ஒன்றாக மாற்ற இயலுமா என்னும் வினா வணிக உலகில் எழுந்தது. இவ்வினா புதியதன்று. 1930களில் அமெரிக்கச் சோப்பு நிறுவனங்கள் வானொலித் தொடர்நாடகங்களுக்குப் பொருளுதவி செய்தன. பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் ‘ஆக்சிடால்’ என்னும் சலவைத்தூளின் ஆதரவில் 1933ஆம் ஆண்டு தொடங்கிய ‘மா பெர்க்கின்ஸ்’ நாடகம் அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று. அதன் காரணமாகவே நாள்தோறும் நீளும் குடும்பத் தொடர்களை இன்றும் ஆங்கிலத்தில் ‘சோப் ஓபரா’ என்று வழங்குகின்றனர். கதையைக் கேட்க வந்தவர்கள் சோப்பின் பெயரையும் கேட்டுச் சென்றனர்.

விளம்பரமே படமாதல்

இணையம் பரவத் தொடங்கிய காலத்தில் இம்முயற்சி வேறொரு வடிவம் பெற்றது. 2001ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ மகிழுந்து நிறுவனம் ‘தி ஹயர்’ என்னும் பொதுத் தலைப்பில் குறும்படங்களை எடுத்துத் தன் இணையத்தளத்தில் வெளியிட்டது. யூடியூப் தோன்றுவதற்கு நான்கு ஆண்டுகள் முந்தைய முயற்சி இது. இரண்டு பருவங்களில் எட்டுப் படங்கள் வெளிவந்தன. கிளைவ் ஓவன் என்னும் நடிகர், பெயர் குறிப்பிடப்படாத ஓர் ஓட்டுநராக எல்லாப் படங்களிலும் தோன்றினார். ஆங் லீ, வோங் கார்-வாய், கை ரிட்சி, ஜான் வூ முதலிய புகழ்பெற்ற இயக்குநர்கள் ஆளுக்கொரு படத்தை இயக்கினர்.

இப்படங்களில் மகிழுந்தின் விலையோ சிறப்போ எடுத்துரைக்கப்படவில்லை. ஓட்டுநர் ஒருவரைக் காப்பாற்றுகிறார்; ஒருவரைப் பின்தொடர்கிறார்; ஒருவரை உரிய இடத்தில் சேர்க்கிறார். அவர் ஓட்டும் வண்டி மட்டும் அந்நிறுவனத்துடையது. தொலைக்காட்சியில் வந்த சிறு விளம்பரங்கள்கூட இப்படங்களின் முன்னோட்டங்களைப் போலவே அமைந்தன. விளம்பரத்தைப் பார்ப்பதற்காக மக்களே இணையத்தளத்தைத் தேடிச் சென்றனர். கான் நகரில் நடைபெறும் விளம்பரப் படைப்பாற்றல் விழாவில் 2003ஆம் ஆண்டு டைட்டானியம் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றது இப்படவரிசையே.

வணிகப்பெயர் ஒன்றின் ஆதரவில் உருவாகி, கதையாலேயே மக்களை ஈர்க்கும் இத்தகைய படத்தை விளம்பரக் குறும்படம் எனலாம். எனினும் இங்குப் பார்வையாளரின் பணி பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. அவரைக் கதைக்குள் அழைத்துச் செல்வதே அடுத்த படிநிலை.

பார்வையாளரின் கை

கதையை நிறுத்திப் பார்வையாளரிடம் கருத்துக் கேட்பது கூத்துமரபு அறிந்த தமிழர்க்கு வியப்பளிக்காது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதைக்கு உள்ளும் வெளியும் நின்று அவையோரோடு உரையாடுவான். திரைப்படத்தில் இதனை நிகழ்த்திக் காட்டியவர் செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் ராதூஸ் சின்செரா. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1967ஆம் ஆண்டு நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் ‘கினோ ஆட்டோமாட்’ என்னும் அவரது படைப்பு திரையிடப்பட்டது. ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு பச்சைப் பொத்தானும் ஒரு சிவப்புப் பொத்தானும் பொருத்தப்பட்டிருந்தன. கதையின் முதன்மை நடிகரான மிரோஸ்லாவ் ஹோர்னிச்செக், திரை நின்றதும் மேடைக்கு வந்து, கதாநாயகன் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அவையோரைக் கேட்பார். கதவு பூட்டிக்கொண்டதால் வெளியே நிற்கும் அண்டை வீட்டுப் பெண்ணைக் கதாநாயகன் தன் வீட்டுக்குள் அனுமதிக்கலாமா, கூடாதா என்பது அத்தகைய வினாக்களுள் ஒன்று. பெரும்பான்மையோர் அழுத்திய பொத்தானுக்கேற்பக் கதை தொடரும்.

கினோ ஆட்டோமாட் விளம்பரமன்று. பார்ப்பவரைப் பங்கேற்பவராக்கும் கலைநுட்பத்திற்கு அது முன்னோடி. கணினியும் இணையமும் வந்தபின் திரையரங்கம் முழுவதும் சேர்ந்து செய்த அத்தேர்வைத் தனியொருவர் தம் இல்லத்திலிருந்தே செய்ய இயன்றது.

அவ்வாய்ப்பை விளம்பரத்துறை விரைவில் கைக்கொண்டது. 2004ஆம் ஆண்டு பர்கர் கிங் உணவு நிறுவனம் கோழி வேடமணிந்த ஒருவர் அறையில் நிற்கும் காட்சியை இணையத்தில் அமைத்தது. பார்வையாளர் ‘குதி’, ‘உட்கார்’ எனக் கட்டளைகளைத் தட்டச்சு செய்தால் அவர் அவ்வாறே செய்தார். கோழி இறைச்சியை உண்பவர் விருப்பப்படியே பெறலாம் என்னும் செய்தியை அவ்விளையாட்டு உணர்த்தியது. நேரலைபோல் தோன்றினாலும், முந்நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகளுக்கு உரிய அசைவுகள் முன்பே படமாக்கப்பட்டிருந்தன. தகாத கட்டளை இட்டால் கோழி விரலை ஆட்டி மறுக்கும். பார்வையாளர் எவ்வாறெல்லாம் எண்ணக்கூடும், எல்லையை எங்கே மீறக்கூடும் என்பவற்றை ஆக்கியோர் முன்கூட்டியே சிந்தித்திருந்தனர்.

மூன்று படைப்புகள்

ஊடாட்ட விளம்பரக் குறும்படத்தின் வளர்ச்சியை உணர்த்தும் மூன்று படைப்புகளை இங்குக் காணலாம்.

முதலாவது, எழுத்துப்பிழையை மறைக்கும் வெண்பூச்சு நாடாவை விற்கும் ‘டிப்-எக்ஸ்’ என்னும் வணிகப்பெயருக்காக 2010ஆம் ஆண்டு வெளிவந்த படம். காட்டில் முகாமிட்டிருக்கும் வேட்டைக்காரர்முன் கரடி ஒன்று வருகிறது. கரடியைச் சுடவேண்டுமா, வேண்டாவா என்று படம் கேட்கிறது. வேட்டைக்காரர் சுட மனமின்றி, காணொளிச் சட்டத்துக்கு வெளியே கையை நீட்டி, பக்கத்து விளம்பரத்திலுள்ள வெண்பூச்சு நாடாவை எடுத்து, படத்தின் தலைப்பில் உள்ள ‘சுடுகிறார்’ என்னும் சொல்லை அழிக்கிறார். அவ்விடத்தில் விரும்பிய வினைச்சொல்லைப் பார்வையாளர் எழுதலாம். ‘ஆடுகிறார்’ என்று எழுதினால் வேட்டைக்காரரும் கரடியும் ஆடுவர். இவ்வாறு நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிகள் ஆயத்தமாக இருந்தன. அழித்து எழுதுதல் என்னும் பொருளின் பயனே கதையின் திருப்பமாகவும் அமைந்தது இப்படத்தின் சிறப்பு.

இரண்டாவது, இன்டெல், தோஷிபா ஆகிய இரு நிறுவனங்கள் இணைந்து 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி பியூட்டி இன்சைட்’. டிரேக் டோரமஸ் இயக்கிய இத்தொடர் ஆறு பகுதிகளைக் கொண்டது. அலெக்ஸ் என்னும் கதைமாந்தர் ஒவ்வொரு நாளும் வேறோர் உருவத்தில் கண்விழிக்கிறார். உள்ளம் மட்டும் மாறுவதில்லை. அவர் தம் நாள்களை மடிக்கணினி முன் அமர்ந்து பதிவுசெய்கிறார். உருவம் நாள்தோறும் மாறுவதால் அலெக்ஸாக எவரும் நடிக்கலாம். பார்வையாளர்களே தம் முகங்களைப் படம்பிடித்து அனுப்பி நடிப்புத் தேர்வில் பங்கேற்றனர். அவர்களுள் பலர் படத்தில் அலெக்ஸாகத் தோன்றினர். கணினியின் உள்ளே இருப்பதே அதன் ஆற்றல் என்பதைத் தன் முழக்கமாகக் கொண்ட நிறுவனத்திற்கு, மனிதரின் உள்ளே இருப்பதே அழகு என்னும் கதைக்கரு பொருந்தி வந்தது.

மூன்றாவது, ஹோண்டா மகிழுந்து நிறுவனம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி அதர் சைட்’. இதில் இரண்டு கதைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்றில் தந்தை ஒருவர் பள்ளி முடிந்த பிள்ளையைப் பகலில் வண்டியில் அழைத்துச் செல்கிறார். விசைப்பலகையில் ‘ஆர்’ என்னும் விசையை அழுத்திப் பிடித்தால் அவரே இரவில் திருட்டுக் கும்பலை ஏற்றிச் செல்பவராகக் காட்சியளிக்கிறார். அவர் மாறுவேடக் காவலர் என்பது பின்னர்ப் புலப்படுகிறது. இரு கதைகளிலும் வண்டி திரும்பும் இடமும் முகம் திரும்பும் கணமும் ஒத்தமைந்துள்ளன. நாள்தோறும் பயன்படும் வண்டிக்கு விரைவும் துடிப்பும் மிக்க மறுவடிவம் உண்டு என்பதே சொல்லவந்த செய்தி. விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்வதைப் பார்வையாளரின் விரல் கண்டுபிடிக்கும்படி செய்துள்ளனர்.

தெரியுமா?
‘தி பியூட்டி இன்சைட்’ 2013ஆம் ஆண்டு கான் விழாவில் மூன்று முதற்பெரும் விருதுகளைப் பெற்றது. அவ்விளம்பரத் தொடரின் கதையைத் தழுவி 2015ஆம் ஆண்டு தென்கொரியாவில் முழுநீளத் திரைப்படம் ஒன்று வெளியானது.

கிளைக்கதையின் கணக்கு

பார்வையாளர் விரும்பியவாறெல்லாம் கதை செல்லும் என்று இத்தகைய படங்கள் நம்பவைக்கின்றன. அது எந்த அளவுக்கு இயலும் என்பதை எளிய கணக்கால் அறியலாம்.

கதை இரண்டாகப் பிரியும் இடத்தைத் தேர்வுமுனை எனக் கொள்வோம். ஒரு படத்தில் பத்துத் தேர்வுமுனைகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு வழிகள். பிரிந்த வழிகள் மீண்டும் சேர்வதில்லை. அவ்வாறாயின் கதைக்கு 1024 முடிவுகள் தேவை. தொடக்கம் முதல் முடிவு வரை எடுக்கவேண்டிய காட்சிகள் 2047. ஒவ்வொரு காட்சியும் ஒரு நிமிடம் எனின் 34 மணி நேரத்திற்கும் மேற்பட்ட படத்தை எடுத்தாகவேண்டும். ஆனால், ஒருவர் ஒருமுறை பார்ப்பது 11 நிமிடங்கள் மட்டுமே.

இவ்வளவு பொருட்செலவை எந்த நிறுவனமும் ஏற்பதில்லை. ஆகவே, பிரிந்த வழிகளைச் சிறிது தொலைவில் மீண்டும் ஒன்றுசேர்க்கின்றனர். இடப்புறம் சென்றவரும் வலப்புறம் சென்றவரும் அடுத்த காட்சியில் ஒரே இடத்தை அடைவர். கினோ ஆட்டோமாட்டில் சின்செரா கையாண்டதும் இவ்வழியே. எதைத் தேர்ந்தாலும் கதை அடுத்த தேர்வுமுனைக்கு வந்து சேர்ந்தது. எவ்வாறு வாக்களித்தாலும் வீடு தீப்பற்றி எரிவதை எவராலும் தடுக்க இயலவில்லை. டிப்-எக்ஸ் படத்திலும் சுடு என்றாலும் சுடாதே என்றாலும் வேட்டைக்காரரின் கை வெண்பூச்சு நாடாவையே நாடுகிறது.

வழிகள் ஒன்றுசேர்வது கலைக்குறையன்று. கதைக்கு ஒருமைப்பாடு தேவை. எல்லா வழிகளும் சுவையாக இருத்தலும் தேவை. ஆயினும் தேர்ந்தெடுப்பதற்கும் தேர்ந்தெடுத்ததாக உணர்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்வையாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

தேர்வுக்கு உட்படாத ஒன்று

இப்படைப்புகளை ஒப்புநோக்கினால் ஒரு பொதுமை புலப்படும். கரடி ஆடலாம், பாடலாம். ஆனால், அச்சொல்லை எழுதுவதற்கான இடத்தை உருவாக்கியது வெண்பூச்சு நாடாவே. அலெக்ஸின் முகம் எவருடையதாகவும் இருக்கலாம். அவர்முன் உள்ள மடிக்கணினி எந்நிறுவனத்துடையது என்பது மாறாது. பகலைக் காணலாம், இரவைக் காணலாம். இரண்டிலும் ஓடுவது ஒரே நிறுவனத்தின் வண்டி. கதைமாந்தரும் நிகழ்வும் முடிவும் பார்வையாளரின் விருப்பத்திற்கு விடப்படுகின்றன. வணிகப்பெயர் ஒன்றே அவ்விருப்பத்திற்கு அப்பால் நிற்கிறது.

பழைய விளம்பரம் ‘இதை வாங்குக’ என்று வெளிப்படையாகக் கூறியது. கேட்பவர் அதனை ஏற்கவோ மறுக்கவோ இயன்றது. ஊடாட்டக் குறும்படம் அவ்வாறு கூறுவதில்லை. தாம் முயன்று பெற்ற ஒன்றின்மீது மனிதர்க்கு ஈடுபாடு பிறப்பது இயல்பு. தாமே விசையை அழுத்திக் கண்டறிந்த காட்சியைப் பிறர் புகட்டிய கருத்தாக எவரும் எண்ணுவதில்லை. தம் கண்டுபிடிப்பாகவே எண்ணுவர். நண்பர்க்கும் அதனை அனுப்பிவைப்பர். அந்நிலையில் பார்வையாளர் படத்தின் நடிகராக மட்டுமன்றி, ஊதியம் பெறாத விளம்பரதாரராகவும் ஆகிறார்.

தேர்வுகள் சென்றடையும் இடம்

சுவரொட்டியைப் பார்ப்பவரைச் சுவரொட்டி பார்ப்பதில்லை. ஊடாட்டப் படமோ பார்ப்பவரைக் கவனிக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தார், எத்தனை நொடிகள் தயங்கினார், எவ்விடத்தில் மீண்டும் பார்த்தார், எங்கே படத்தை நிறுத்தினார் என்பனவற்றைப் பதிவுசெய்வது தொழில்நுட்ப அளவில் எளிது. கேள்வித்தாள் கொடுத்து மக்களின் விருப்பத்தை அறிந்த காலம் ஒன்று இருந்தது. இன்று கதையே கேள்வித்தாளாக அமைய இயலும்.

நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2018ஆம் ஆண்டு திசம்பர் 28ஆம் நாள் வெளியிட்ட ‘பேண்டர்ஸ்னாட்ச்’ என்னும் ஊடாட்டத் திரைப்படம் இதற்குச் சான்று. அது விளம்பரப் படமன்று. எனினும் அதன் தொடக்கத் தேர்வுகளுள் ஒன்று, கதாநாயகன் காலையில் எந்தத் தானிய உணவை உண்பது என்பது. காட்டப்பட்ட இரண்டுமே கடையில் விற்கும் பொருள்கள். தேர்ந்தெடுக்கப் பத்து நொடிகள் தரப்பட்டன. பார்வையாளர் வாளா இருந்தால் படமே தேர்ந்துகொண்டது. மறு ஆண்டு ஆய்வாளர் ஒருவர் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தம்மைப் பற்றிய விவரங்களைக் கேட்டபோது, அப்படத்தில் அவர் செய்த தேர்வுகள் சேமித்து வைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. விளையாட்டாகத் தொட்டவை தரவாக நிலைபெற்றிருந்தன.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017ஆம் ஆண்டு இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அதனைத் தொடர்ந்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இச்சட்டம் பதினெட்டு வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தை என வரையறுக்கிறது. அவர்களின் தரவைப் பெறுவதற்குப் பெற்றோரின் ஒப்புதலை இன்றியமையாததாக்குகிறது. அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடைசெய்கிறது. அரசு அறிவிக்கும் விலக்குகளும் உண்டு. பதினோராம் வகுப்பு மாணவருள் மிகப்பெரும்பாலோர் இவ்வரையறைக்குள் அடங்குவர். ஆகவே, ஊடாட்ட விளம்பரம் பற்றிய அறிவு அவர்களுக்குத் தொலைவிலுள்ள துறையறிவன்று; தம் உரிமை பற்றிய அறிவாகும்.

தெரிந்து தெளிவோம்
தொடக்ககால ஊடாட்டப் படைப்புகள் பல ‘பிளாஷ்’ என்னும் மென்பொருளை நம்பி உருவாக்கப்பட்டவை. அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தியதால், அவற்றைப் பழைய முறையில் இயக்கிப் பார்க்க இயலாமற் போயிற்று. தொழில்நுட்பத்தைச் சார்ந்த கலை, அத்தொழில்நுட்பத்தின் ஆயுளையும் சார்ந்திருக்கிறது.

திறனாய்வு நோக்கு

இவ்வடிவத்தை முற்றிலும் ஒதுக்குவதோ முழுமையாகப் போற்றுவதோ பொருந்தாது. வணிகத்தின் பொருளுதவி பெற்ற கலை தரத்தில் தாழ்ந்ததாகவே இருக்கும் என்பதற்கில்லை. பி.எம்.டபிள்யூ படவரிசை இயக்குநர்கள் தம் தனிமுத்திரையைப் பதிக்க இடமளித்தது. ‘தி பியூட்டி இன்சைட்’ தொடரின் கதை, விளம்பரத்தின் தேவை முடிந்தபின்னும் வேறொரு நாட்டில் திரைப்படமாக வாழ்ந்தது. குறும்படம் எடுக்க விழையும் இளையோர்க்கு, சில நிமிடங்களில் கதை சொல்லும் திறனுக்கும் பார்ப்பவரின் எண்ணவோட்டத்தை முன்னறியும் கூர்மைக்கும் இவை நல்ல பயிற்சிக்களம்.

கலையைச் சுவைக்கும்போதே அதன் நோக்கத்தையும் உணர்வதே நுகர்வோரின் விழிப்புணர்வு. ஊடாட்டப் படம் ஒன்றைக் காண்போர் நான்கு வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளலாம். இப்படத்தை எடுக்கப் பணம் கொடுத்தவர் யார்? அச்செய்தி வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளதா? எத்தேர்வைச் செய்தாலும் மாறாமல் நிற்பது எது? தேர்வுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன? முதல் இரண்டு வினாக்கள் நேர்மையைப் பற்றியவை. மூன்றாவது கதையமைப்பைப் பற்றியது. நான்காவது உரிமையைப் பற்றியது. இவற்றுக்கு விடை தேடுபவர் படத்தின் சுவையை இழப்பதில்லை. அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறிவதால் அவர் பெறும் சுவை மிகுகிறது.

படத்துக்குள் தரப்படும் வழிகள் அனைத்தும் பிறர் எழுதிவைத்தவை. பொருளை வாங்குவதா வேண்டாவா, பெயரையும் மின்னஞ்சலையும் கொடுப்பதா மறுப்பதா, தொடர்ந்து பார்ப்பதா எழுந்து செல்வதா என்னும் தேர்வுகள் படத்துக்கு வெளியே இருக்கின்றன. அவை எந்தத் திரையிலும் பச்சை, சிவப்புப் பொத்தான்களாகத் தோன்றுவதில்லை. பார்வையாளர் முழு உரிமையோடு செய்யும் தேர்வுகள் அவையே.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் அண்மையில் கண்ட விளம்பரம் ஒன்றில் கதை எவ்விடத்தில் முடிந்து விற்பனை எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதை ஆராய்ந்து வகுப்பில் பேசுக.
2. நூலக வாசிப்பை ஊக்குவிக்கும் ஊடாட்டக் குறும்படம் ஒன்றுக்கு, மூன்று தேர்வுமுனைகளுடன் கதைச்சுருக்கம் எழுதுக. பிரியும் வழிகள் எங்கே ஒன்றுசேர்கின்றன என்பதைப் படமாக வரைந்து காட்டுக.
3. ‘பார்வையாளருக்குத் தேர்வுரிமை தருவது விளம்பரத்தின் நேர்மையை மிகுவிக்கிறது’ என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் சொற்போர் நிகழ்த்துக.